ரசேமாவின் வலது பாதம்

சரயேவோவுக்கு அப்பால் யாவோரா ஊர் ரசேமாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது போரின் நடுவில், 1993 செப்டம்பரில். ஆனால் அந்தக் காலின் பாதம் அதற்குப் பிறகும் இருபத்தொன்பது வருஷம் அவள் கூடவே நடந்து வந்தது. ஊருக்கு மேலே இருந்த பிளம் தோட்டத்தில் உதிர்ந்து கிடந்த பழங்களைப் பொறுக்கப் போனவள் கண்ணிவெடியை மிதித்துவிட்டாள். பள்ளிக்கூடத்து நிலவறையில்தான் அப்போது ஆஸ்பத்திரி. மயக்க மருந்து தீர்ந்துபோயிருந்ததால் பிளம் சாராயத்தை வாயில் ஊற்றி வெட்டினார்கள். வெட்டிய காலை அவள் புருஷன் ஹம்தியா மாவுச் சாக்கில் சுற்றிப் பள்ளிவாசல் கபர்ஸ்தானின் மூலையில் புதைத்தான். நவம்பரில் முதல் பனி விழுந்தது. ரசேமா ஊன்றுகோல்களை ஊன்றித் தெருக்குழாய் வரைக்கும் போய் வரிசையில் நின்றாள். அவள் வந்த வழியில் இடது பூட்ஸின் தடம் இருந்தது, ஊன்றுகோல்களின் இரண்டு குழிகள் இருந்தன, அவற்றுக்கு நடுவே செருப்பில்லாத ஒரு வலது பாதமும் ஐந்து விரல்களோடு சுத்தமாகப் பதிந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். “ஐயோ பாவம், வெறுங்காலு. சளி புடிச்சுக்கப் போகுது” என்றாள் ஒருத்தி. “குடத்தை நகத்தும்மா” என்றாள் பின்னால் நின்றவள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு கிலோ காப்பிப் பொடி நூறு ஜெர்மன் மார்க் விற்றது. உப்பு கிடைக்கவே இல்லை. மலையிலிருந்து நாளுக்குப் பத்துப் பதினைந்து குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஊருக்கு இருந்த கவலைகளில் இது கடைசி.

போர் முடிந்த பிறகுதான் அந்தப் பாதத்தால் முதல் தொல்லை வந்தது. படுக்கையில் அது ஐஸ் கட்டி மாதிரிக் குளிர்ந்தது. ரசேமாவுக்குப் பழகிவிட்டது, ஹம்தியாவுக்குப் பழகவில்லை. இரண்டு குளிர்காலம் கம்பளியை மடித்து நடுவில் வைத்துப் பார்த்தான். மூன்றாவது வருஷம் ஆஸ்திரியாவுக்கு லாரி ஓட்டப் போனான். முதலில் மாதம் ஒரு தடவை வந்தான், பிறகு பெருநாளுக்கு மட்டும் வந்தான், பிறகு தபாலில் விவாகரத்துப் பத்திரம் வந்தது. அவனைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நல்ல மனுஷன், குளிர் தாங்காதவன், அவ்வளவுதான். அவள் வேலை பார்த்த மேசை நாற்காலி ஆலையும் திறக்கவில்லை. செயற்கைக் கால் ஒன்று கொடுத்தார்கள். தோலைக் கிழித்தது, கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாள். மூன்றாவது மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்ச் சுவரிலிருந்த குண்டு ஓட்டைகளை நூற்றுப் பதினேழு என்று எண்ணி முடித்திருந்த ஒரு நாள்தான் நியாஸ் வந்தார். நியாஸ் ஊரின் பழைய தபால்காரர். இரண்டு கால்களும் தொடைக்குக் கீழே இல்லை. கைகளாலேயே படியேறி, கழுத்தில் வலைப்பையில் ஒரு பந்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாசலில் உட்கார்ந்தார்.

“மூணு மாடி கையாலயே ஏறி வந்திருக்கேன். காப்பி குடுக்காம அனுப்பிடாதே.”

“எதுக்குண்ணே இந்தப் பாடு?”

“ஆள் பத்தல. ஆறு பேர் வேணும், அஞ்சு பேர்தான் இருக்கோம். அஞ்சு பேருக்கும் சேத்து மூணு காலு.”

“என்ன ஆட்டம்?”

“வாலிபால். உக்காந்துக்கிட்டே ஆடறது. நீ ஆலை டீம்ல ஆடினவதானே? ஆண், பொண்ணு எல்லாம் பாக்குற நிலைமையில நாங்க இல்ல.”

“உக்காந்துக்கிட்டு எப்படிண்ணே எகிறுறது?”

“எகிறவே வேணாம். குண்டி தரையை விட்டுக் கிளம்பினா நடுவர் விசில் ஊதிருவான். சோம்பேறிங்களுக்குன்னே பண்ண ஆட்டம்மா.”

சோம்பேறிகளுக்குப் பண்ண ஆட்டம் இல்லை அது. முதல் நாள் பயிற்சி முடிந்து வந்தபோது அவள் உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. உட்கார முடியாமல் மூன்று நாள் குப்புறப் படுத்தாள். நாலாம் நாள் மறுபடியும் போனாள். பந்தைத் தூக்கிக் கொடுப்பது அவள் வேலை. யாருக்கு எங்கே வேண்டுமோ, வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், பழத்தைத் தட்டில் வைப்பது போல வைத்துக் கொடுப்பாள். பாதத்துக்கு ஆட்டத்தில் வேலை இல்லை. அது கோட்டுக்கு வெளியே நிற்கும், நகராட்சிக் கூடத்தின் தூசியில் கட்டைவிரல் அழுந்திய தடம் மட்டும் தெரியும். ஆனால் அது ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. அவளோடு ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து பெண்கள் அணி என்று ஒன்று உருவானது, பிறகு நாட்டு அணி உருவானது. ஹங்கேரியில் நடந்த ஒரு போட்டியில் வெண்கலம் வாங்கினார்கள். அங்கே பந்தயக்கூடத்துத் தரையைத் துடைத்த கிழவர் ஈரத்தில் அந்த வெறும் பாதத்தைப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனார். ஊர் திரும்பியபோது பாலத்தருகே மேளம் வைத்து வரவேற்றார்கள். மேயர் இருபது நிமிஷம் பேசினார், மழை வந்தது, எல்லாரும் கலைந்து போனார்கள். ரசேமாவின் வாழ்க்கையில் களைப்பில்லாத நாள் என்று எண்ணினால் அந்த ஒரு நாள் தேறும்.

தோள்பட்டை போனதும் அவள் பயிற்சியாளர் ஆனாள். ஊனமுற்றோர் விளையாட்டுச் சங்கத்தின் பழைய தலைவர் மாரடைப்பில் இறந்ததும் தலைவரும் ஆனாள். அது நடந்த விதம் இதுதான்: பொதுக்குழு நடந்துகொண்டிருந்தபோது அவள் கழிப்பறைக்குப் போயிருந்தாள், திரும்பி வந்தபோது ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு நாலு வருஷத்துக்கு ஒரு முறை “வேற யாராச்சும் நிக்கிறீங்களா?” என்று கேட்பாள். எல்லாரும் கூரையில் ஒழுகும் இடத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். இருபது வருஷம் இப்படியே போனது. சங்கத்தின் ரப்பர் முத்திரை அவள் கைப்பையில் சீப்புக்கும் மாத்திரைக்கும் நடுவே கிடந்தது. ஒரே விண்ணப்பத்தை நகராட்சிக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று, சம்மேளனத்துக்கு ஒன்று எழுதினாள். சம்மேளனம் சண்டை போட்டு இரண்டானதும் அதற்கு இரண்டு எழுதினாள். குளிர்காலத்தில் கூடத்துக்குள் எட்டு டிகிரி இருக்கும், பழைய கொதிகலனுக்கு விறகு கேட்டு அலைவாள். மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டால் சக்கர நாற்காலிகளை எண்ணுவதும் அவள்தான், எதிரே வரும் லாரியை மறிப்பதும் அவள்தான். சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒரு ஆட்டக்காரனின் பெண்டாட்டி போன் பண்ணி, “அக்கா, மறுபடியும் குடிச்சிட்டு வந்திருக்காரு, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு” என்பாள். இறைச்சி வைத்துச் சுட்ட புரெக்கைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புவாள். போர்க்காலத்து ஆட்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். அவர்கள் இடத்துக்கு மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்களும் சர்க்கரை நோயில் கால் போனவர்களும் வந்தார்கள். அவர்களுக்கும் பந்தை எப்படி ஏந்துவது என்று முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தாள்.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பாதத்துக்கு வயதாகவில்லை. இடது கால் அகன்று, பெருவிரல் எலும்பு புடைத்து, குதிகால் வெடித்துப்போயிருந்தது. வலது பாதத்தின் தடமோ இருபத்தாறு வயதுப் பெண்ணின் தடமாகவே விழுந்தது. ஐம்பது தாண்டியதும் ஒன்றைக் கவனித்தாள். பாதம் அவளுக்குச் சமமாக வருவதில்லை, ஒரு எட்டு முன்னால் போய் நிற்கிறது. மேட்டில் ஏறும்போது இரண்டு எட்டு. “இருடி, வரேன்” என்று அவள் முணுமுணுப்பதைத் தெருவில் பலர் கேட்டிருக்கிறார்கள். பேசுவது பாதத்தோடு என்று தெரிந்ததால் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

கால் போனவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மருத்துவக் குழு முன்னால் போய், கால் இன்னும் முளைக்கவில்லை என்று காட்டிவிட்டு வர வேண்டும். அது விதி. யாவோராவில் அந்தக் குழுவின் செயலாளராக இருந்த அம்மாள், ரசேமா வரும் நாளில் துடைப்பக்காரியைக் கூப்பிட்டு, அவள் பின்னாலேயே தாழ்வாரத்தைத் துடைக்கச் சொல்லிவிடுவாள். அதனால் இத்தனை வருஷமும் எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. 2022 நவம்பரில் டாக்டர் முஹரெம் என்ற புதியவர் குழுத் தலைவராக வந்தார். முப்பத்து நாலு வயது, நல்லவர், யாரிடமும் ஒரு மிட்டாய்ப் பெட்டிகூட வாங்காதவர். அன்றைக்கு மழை. துடைப்பக்காரி விடுப்பு. ரசேமா ஈரத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். டாக்டர் எழுந்து கதவு வரை போனார், குனிந்தார், சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்து லினோலியத்தில் வைத்தார்.

“அம்மா, இந்தத் தடம் யாரோடது?”

செயலாளர் அம்மாள் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து உதட்டில் விரலை வைத்தாள். வெறுங்காலோடு வேறு யாரோ போனார்கள் என்று சொன்னால் முடிந்தது. ரசேமாவும் அப்படித்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் அது பனியிலும் சேற்றிலும் ஒரு நாள் தவறாமல் கூட வந்திருக்கிறது, புருஷன் போன பிறகும் போகாமல் இருந்திருக்கிறது. அதை யாருடையதோ என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

“என்னோடதுதான் டாக்டர்.”

“எத்தனை நாளா?”

“பொறந்ததுலேர்ந்து.”

“நான் காலை வெட்டி எடுத்ததுக்கு அப்புறத்தைக் கேக்குறேன்.”

“அதுக்கப்புறமும் அது நிறுத்தல. நான் என்ன பண்ணட்டும்?”

“வலி இருக்கா?”

“குளிரும். சில நாள் அரிக்கும். எங்கன்னு சொறியறது?”

“நடக்குதா?”

“என்னைவிட நல்லா நடக்குது.”

டாக்டர் அளவுகோலைச் சட்டைப் பையில் திருப்பி வைத்தார். “நீங்க பொய் சொல்லியிருக்கலாம்மா” என்றார் கடைசியில், உண்மையான வருத்தத்தோடு. பிறகு விதிமுறையைப் பார்த்து எழுதினார். வலது பாதம்: கண்ணுக்குப் புலப்படவில்லை. இயக்கம்: இயல்பு. ஊனம்: பூஜ்ஜியம் சதவீதம்.

கடிதம் வந்த அன்றே அவளுடைய உதவித்தொகை நின்றது. அதோடு இன்னொன்றும் நின்றது. ஊனமுற்றோர் விளையாட்டுச் சங்கத்துக்கு நகராட்சிக் கூடம் வாடகையில்லாமல் கிடைக்க வேண்டுமானால் சங்கத்தின் தலைவர் ஊனமுற்றவராக இருக்க வேண்டும். தலைவரை மாற்ற மார்ச் ஒன்றாம் தேதி வரைக்கும் கெடு கொடுத்தார்கள். கல்யாண மண்டபம் நடத்தும் ஒருவர் அதற்குள் கூடத்துக்கு வந்து, பாட்டுக்காரர்களுக்கு மேடை எங்கே போடலாம் என்று நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனார். நியாஸ் கொதித்துப்போனார்.

“கிளம்பு, சரயேவோ போவோம். மந்திரி வாசல்ல உக்காருவோம். உக்கார்றதுதான் நமக்குக் கைவந்த கலையாச்சே.”

“வேணாம்ண்ணே.”

“என்ன வேணாம்? உன்னைய ரெண்டு காலுக்காரின்னு எழுதியிருக்கான்!”

“எழுதட்டும். நான் தூங்கணும்.”

அவள் மூன்று நாள் தூங்கினாள். எழுந்தபோது, நெஞ்சுக்குள் ஏதோ லேசாக இருப்பதை உணர்ந்து பயந்துபோனாள். கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து மேசை மேல் வைத்தாள். இனி விறகுக்கு அலைய வேண்டாம், நாலு பிரதி எழுத வேண்டாம், பஸ்ஸில் நாற்காலிகளை எண்ண வேண்டாம். இருபது வருஷமாகக் கேட்காமலே இருந்த விடுதலை, ஒரு நல்ல மனுஷனின் கையெழுத்தோடு வீடு தேடி வந்திருக்கிறது. சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டதற்கு வெட்கப்பட்டாள். கூடம் கல்யாண மண்டபமாகிவிட்டால் சர்க்கரை நோயில் கால் போன ஃபிக்ரெத் பகல் முழுக்க எங்கே போய் உட்காருவான் என்று யோசித்தாள். அந்த யோசனை வந்ததும் களைப்பும் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிப்ரவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பொதுக்குழு கூடியது. ஒன்பது பேர், எட்டு டிகிரி குளிர், எல்லாரும் மேல்கோட்டோடு. ரசேமா தீர்மானப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பார்த்தாள். மருந்துக்கடையில் வேலை பார்த்த ஸெஹ்ராதான் இருந்ததிலேயே இளையவள், கார் விபத்தில் கால் போனவள். “அக்கா, எனக்கு ரெண்டு கொழந்தைங்க, ரெண்டு ஷிப்டு. என்னைப் பாக்காதீங்க” என்றாள். ஃபிக்ரெத் தனக்குக் கையெழுத்தே ஒரு மாதிரி வராது என்றான். நியாஸுக்கு இதயத்தில் மூன்று ஸ்டென்ட். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஒழுகும் இடம் இருபது வருஷத்தில் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. ரசேமா, சங்கத்தைக் கலைப்பதாக எழுதப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“இரு” என்றார் நியாஸ். “ரசேமாவுக்கு ஊனம் இல்லன்னு எழுதியிருக்கான். ஏன்? பாதம் இருக்குதாம். சரி, இருக்கட்டும். அப்ப அந்தப் பாதத்துக்கு என்ன இருக்கு? முழங்கால் இருக்கா? தொடை இருக்கா? இன்னொரு காலு, கை, வயிறு, தலை? ஒரு மண்ணும் இல்ல. இந்த நாட்டுல அதைவிடப் பெரிய ஊனம் யாருக்கு இருக்கு?”

யாரும் சிரிக்கவில்லை. ஸெஹ்ரா சங்க விதிகளைப் புரட்டினாள். “தலைவர் சங்க உறுப்பினரா இருக்கணும்னு போட்டிருக்கே.”

“மொத நாள்லேர்ந்து பயிற்சிக்கு வருது. ஒரு நாள் தவறல. நீ போன மாசம் எத்தனை நாள் வந்தே?”

“வேட்பாளர் சம்மதம் சொல்லணும்.”

“கேப்போம்.”

ஆட்டத்துக்கு முன்னால் உள்ளங்கையில் தடவிக்கொள்ளும் பவுடர் டப்பாவை ஃபிக்ரெத் எடுத்து, மேசையைச் சுற்றித் தரை முழுக்கத் தூவினான். ரசேமா தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடம் எப்போதும் விழுவது அவள் பக்கத்தில்தான், ஐம்பது தாண்டியதிலிருந்து ஒரு எட்டோ இரண்டு எட்டோ முன்னால். பவுடர் படிந்தது. அவள் பக்கத்தில் ஒன்றும் இல்லை. முன்னாலும் இல்லை. “அங்க” என்றாள் ஸெஹ்ரா மெதுவாக. மேசையின் தலைமாட்டில், ரசேமா அன்றைக்கு வேண்டுமென்றே உட்காராமல் விட்ட தலைவர் நாற்காலிக்கு முன்னால், ஒரு வலது பாதம் ஐந்து விரல்களோடு அழுந்தப் பதிந்திருந்தது.

அந்த நொடியில் முழங்காலுக்குக் கீழே இருந்த குளிர் நின்றது. அரிப்பும் இல்லை, பாரமும் இல்லை. 1993 செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்கு அங்கே எதுவுமே இல்லை. கையை நீட்டி வெறும் இடத்தைத் தடவிப் பார்த்தாள். “போயிட்டியா?” என்றாள், பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பக்கத்தில் இருந்தவர் நியாஸ். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரசேமா மூக்கைச் சிந்திக் கைக்குட்டையை மடித்து வைத்தாள். பிறகு தீர்மானப் புத்தகத்தில் எழுதினாள்: ஆதரவு எட்டு, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காதவர் ஒருவர். தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கொள்கிற மாதிரி இருந்ததால் அவள் போடவில்லை.

திங்கட்கிழமை காகிதத்தை நகராட்சிக்குக் கொண்டுபோனார்கள். விளையாட்டுப் பிரிவில் இருந்த மிர்சாத் தலைவரின் பெயர் என்று இருந்த இடத்தில் ‘வலது பாதம்’ என்பதைப் படித்தார், கீழே மையில் பதிந்த தடத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சங்க முத்திரை எங்க?”

“இதோ, மூலையில.”

“சரி. மூணு பிரதி வேணும்” என்றார்.

புதிய தலைவர் கூட்டத்தில் பேசுவதில்லை, அதனால் கூட்டங்கள் அரை மணியில் முடிந்தன. விண்ணப்பங்கள் வேகமாகப் போய்ச் சேர்ந்தன. மாகாண அலுவலகத்தில் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறதோ அந்த மேசைக்கு முன்னால் காலையில் ஒரு ஈரத்தடம் இருக்கும், கோப்பு நகர்கிற வரைக்கும் அது காயாது. இரண்டாம் வருஷம் கொதிகலன் மாற்றினார்கள். கூரையும் அடைபட்டது. பொதுக்குழுவில் பார்க்க ஒன்றும் இல்லாமல் போனதால் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதாயிற்று. முதலில் அது சங்கடமாக இருந்தது. கல்யாண மண்டபக்காரர் ஆற்றங்கரையில் வேறு இடம் பிடித்தார். அடுத்த பரிசோதனையில் டாக்டர் முஹரெம் தாழ்வாரம் முழுக்கக் குனிந்து தேடினார். தடம் இல்லை. ரசேமாவுக்குப் பழைய எழுபது சதவீதத்தைத் திருப்பி எழுதிக் கொடுத்து, எழுந்து நின்று மன்னிப்பும் கேட்டார்.

“அப்ப நீயே மறுபடியும் தலைவராகலாமே” என்றார் நியாஸ்.

“வாயை மூடுங்கண்ணே” என்றாள் ரசேமா.

அவள் காலையில் ஒன்பது மணி வரைக்கும் தூங்கினாள். புரெக்கை முழுதாகச் சாப்பிட்டாள். பனி விழுந்தால் அவள் வந்த வழியில் ஒரு பூட்ஸும் இரண்டு குழிகளும் மட்டும் இருந்தன. திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டாள். சில நாள் உள்ளங்கையால் போர்வைக்குள் தேடுவாள், படுக்கை முழுக்க ஒரே சூடாக இருக்கும், அது பிடிக்காமல் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுப்பாள். ஐம்பத்தேழு வயதில் மறுபடியும் ஆடப் போனாள், பட்டியலில் பன்னிரண்டாவது பெயராக. தோள் சரியில்லை, கண்ணும் முன்போல் இல்லை, ஆனால் பந்து அவள் கைக்கு வந்தால் இப்போதும் வலைக்கு மேல் ஒரு சாணில் போய் நிற்கும். ஆட்டம் உட்கார்ந்து ஆடுவது, அதற்கு அவளிடம் இருந்ததே போதும்.

மார்ச் மாதத்தில் இடுப்பு வலி என்று தொடர்ந்து மூன்று பயிற்சிக்குப் போகவில்லை. நாலாம் நாள் தபாலில் சங்கத்தின் கடிதம் வந்தது. ஆட்டக்காரர் ரசேமா முன்னறிவிப்பு இல்லாமல் மூன்று முறை வரவில்லை என்றும், மறுபடி நடந்தால் பெயர் நீக்கப்படும் என்றும் இருந்தது. அடியில் முத்திரை, அதன் பக்கத்தில் நீல மையில் அழுந்திய சிறிய, சுருக்கமில்லாத தடம். ரசேமா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். “இருபது வருஷத்துல நான் ஒருத்தருக்கும் இப்படி எழுதினதில்ல” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு, நேரமாகிவிட்டதால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.